இரண்டு கட்டம் போட்ட தாள்

உங்களில் ஒன்றிரண்டு பேர் இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கலாம். மற்றவர்கள் தலையில் கட்டியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. நான் படித்தது பயிர் நோயியல். இலைப்புள்ளி, வேரழுகல் என்று நிம்மதியாக இருந்தவளைத் திட்ட மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, பாலினச் சமத்துவத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏன் நான் என்று கேட்டேன். அலுவலகத்தில் வேறு பெண் அதிகாரி இல்லையே என்றார். அந்தப் பதிலில் என்ன கோளாறு என்று விளங்கவே எனக்கு ஒரு பயிற்சி தேவைப்பட்டது.

பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனேன், படித்தேன், சில மாதங்களில் நானே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். பெண் என்பதால் இது எனக்கு இயல்பிலேயே தெரியும் என்ற நினைப்பு சுற்றியிருந்த ஆண்களுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. கையேட்டில் இருப்பதை நீங்கள் படித்துக்கொள்வீர்கள். அந்த நினைப்போடு நான் ஒரு பெண்ணுக்குச் செய்த காரியத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஓர் ஆனி மாதம் எங்கள் களப்பணியாளர்களுக்குக் குற்றாலத்தில் நான்கு நாள் பயிற்சி வைத்தேன். ஒரு லாட்ஜின் மாடிக் கூடம். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் பயிற்சி வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள். சாரல் விழுந்தால் குளிர்ச்சியாக இருக்கும், எல்லோரும் உற்சாகமாக உட்காருவார்கள் என்று கணக்குப் போட்டேன். வந்தவர்களின் பையைத் திறந்தால் நோட்டுக்கு மேலே துண்டு இருந்தது. இடைவேளை விட்டால் பாதிப் பேர் அருவிக்குப் போய் ஈரத்தலையோடு வந்தார்கள்.

கடைசி வரிசையில் ஒருவர். பெயர் வேண்டாம், இன்னும் அதே வேலையில் இருக்கிறார், பெயர் போட்டால் சங்கடப்படுவார். அப்போது முப்பது வயது இருக்கும். சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், அந்தப் பகுதிக்கு அவர்தான் களப்பணியாளர். இரண்டு நாளும் நோட்டில் ஒரு வரி எழுதவில்லை. வீட்டில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று எழுப்பிக் கேட்டேன். "அது வீட்டுக்கு வீடு வேற மாதிரி இருக்கும் மேடம்" என்றார். கூடம் சிரித்தது. என் மதிப்பீட்டுத் தாளில் அவர் பெயருக்கு நேரே 'விழிப்புணர்வு போதாது' என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், படித்ததைக் கிராமத்தில் செய்து பார்க்க வேண்டும். அவருடைய ஊரையே தேர்ந்தெடுத்திருந்தோம். ஒன்பது மணிக்குச் சமுதாயக் கூடத்தில் ஆண்களும் பெண்களும் கூடுவதாக ஏற்பாடு. விடியற்காலையில் ஒரு வேன் ஐந்தருவிக்குப் போயிற்று. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தடை நீங்கும் என்று காத்திருந்தவர்கள் திரும்பி வந்து, சாப்பிட்டுக் கிளம்பும்போதே பத்தரை தாண்டிவிட்டது. ஊருக்குள் ஜீப்பும் வேனும் நுழைந்தபோது காத்திருந்த பெண்களில் சிலர் எழுந்து போயிருந்தார்கள். இருந்தவர்களும் காய் பறிப்பை விட்டு வந்தவர்கள். முகத்தில் அது தெரிந்தது.

குற்றாலத்தில்தான் சாரல். அந்த ஊரில் வெறும் காற்று. தரையில் விரித்த தாள் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தோம். தாளில் இரண்டு கட்டம் போட்டிருந்தேன். ஒன்றில் ஆண் படம், மற்றதில் பெண் படம். என்ன பயிர் வைப்பது, எப்போது பறிப்பது, எந்தச் சந்தைக்குக் கொண்டுபோவது என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். உங்கள் வீட்டில் முடிவு யாருடையதோ அந்தக் கட்டத்தில் ஒரு புளியமுத்து வைக்க வேண்டும். உங்கள் கையேட்டிலும் இது இருக்கிறது. முதலில் பெண்களைத் தனியாக, ஆண்களைத் தனியாக உட்கார வைத்துச் செய்ய வேண்டும், பிறகுதான் இருவரையும் சேர்த்து, அதுவும் அவர்கள் சம்மதித்தால், என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

கடைசி வரிசைக்காரர் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், பொம்பளையாளுவள தனியா ஒக்கார வச்சுப் பேசிருவமா?"

"நேரம் எங்கே இருக்கிறது? ஒரு மணிக்குள் முடித்தாக வேண்டும்" என்றேன்.

எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்தேன். கேள்விகள் ஆரம்பித்தன. வந்தவர்கள் எல்லோரும் ஆண் கட்டத்திலேயே வைத்தார்கள். ஆண்களும் அப்படியே, பெண்களும் அப்படியே. என் களப்பணியாளர்கள் சலித்துப் போய்ச் சுவரில் சாய்ந்தார்கள். அப்போதுதான் முப்பிடாதி எழுந்து வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் வெண்டைக்காய் பறித்த சுணை அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார் என்று பதிவேட்டில் இருந்தது. அவரும் ஆண் கட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

நான் விடவில்லை. "உங்கள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாரே, அப்புறம் யார் முடிவெடுப்பது?"

"எங்க அத்தான் இருக்காங்கள்லா" என்றார். கணவருடைய அண்ணன் குத்தாலிங்கம் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் பேனா.

"இன்றைக்குக் காலையில் காய் பறிக்க ஆள் விட்டது யார்?"

"நாந்தான்."

"பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோனது?"

"நாந்தான்."

"வெண்டை வைக்கலாம் என்று சொன்னது?"

முப்பிடாதி குத்தாலிங்கம் இருந்த பக்கம் பார்த்தார்.

அடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உண்மையைச் சொல்லுங்க. இங்கே யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. யார் என்ன நினைப்பார்கள் என்று உத்தரவாதம் கொடுக்க நான் யார்? ஆனால் மிக நிதானமாக, பயிற்சியில் கற்ற குரலில் சொன்னேன். கடைசி வரிசைக்காரர் மறுபடி என் பக்கம் சாய்ந்து, "மேடம், இங்கன நிப்பாட்டிருவோம்" என்றார். நான் கையைக் காட்டி அவரை அடக்கினேன். இந்தத் தருணத்துக்காகத்தானே வந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

முப்பிடாதி குனிந்தார். தான் வைத்த புளியமுத்துக்களை ஒவ்வொன்றாகப் பெண் கட்டத்துக்கு நகர்த்தினார். எங்கள் ஆள் ஒருவர் படம் எடுத்தார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், "அப்பம் குத்தாலிங்கம் என்னலே செய்யுதான்?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. குத்தாலிங்கமும் சிரித்தார். "நல்ல வெளையாட்டு, நல்ல வெளையாட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் பாராட்டினார் என்று நான் எடுத்துக்கொண்டேன். தென்காசிப் பேச்சு காதுக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான்; அதன் உள்ளர்த்தம் பிடிபடவில்லை.

திரும்பும் வழியில் ஜீப்பில் ஒரே பேச்சு. சலித்திருந்தவர்கள் எல்லோரும் உற்சாகமாகிவிட்டார்கள். தென்காசி வருவதற்குள் முப்பிடாதி குனிந்து நிற்கும் படம் எங்கள் அலுவலக பேஸ்புக் பக்கத்தில் ஏறிவிட்டது. 'எங்கள் வயல், எங்கள் முடிவு' என்று தலைப்பு வைத்தது நான்தான். கடைசி வரிசைக்காரர் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார். ஏன் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சி முடிந்த மறுநாள் மதியம் அவர் தென்காசி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், குத்தாலிங்கம் அண்ணாச்சி மோட்டார் ரூமப் பூட்டிட்டாரு. ரெண்டு நாளாச்சு. முப்பிடாதி அக்கா தோட்டத்துக்குத் தண்ணி இல்ல."

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்த பங்குக் கிணறு அது. மின் இணைப்பு அண்ணன் பெயரில், சாவி அவரிடம். வெண்டை பூத்துக் காய்த்துக்கொண்டிருக்கும் நேரம். அந்தக் காற்றில் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்பது நோயியல் படித்த எனக்கு நன்றாகவே தெரியும். முதலில் பூ உதிரும்.

எனக்குக் கோபம் வந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. என் பாடம் முக்கியமானது என்பதற்கு ஓர் ஆதாரம் கிடைத்த திருப்தி. உடனே தாளை எடுத்துத் திட்டம் போட ஆரம்பித்தேன். ஊராட்சித் தலைவருக்குக் கடிதம், தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் மனு, மேலே சமூக நலத்துறை. எழுதிக்கொண்டே வாசித்தும் காட்டினேன்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "அக்கா என்ன சொல்லுதாங்கன்னு கேட்டியளா மேடம்?" என்றார்.

கேட்கவில்லை. அந்த ஒரு பெயரைத் தவிர எல்லா அலுவலகப் பெயரும் என் தாளில் இருந்தது.

மறுநாள் காலை ஊருக்குப் போகலாம், ஜீப்பை எடுக்கச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "அக்கா நாளைக்குப் பாவூர்சத்திரம் வருவாங்க. அங்கன வச்சுப் பாத்துக்கிடுவோம். நீங்க பஸ்ல வாங்க."

பாவூர்சத்திரம் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை இறக்குகிறவர்கள், டெம்போக்காரர்கள், ஏலக் குரல்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று யாரும் கவனிக்காத இடம் அந்த வட்டாரத்திலேயே அதுதான். முப்பிடாதி ஒரே ஒரு சாக்கோடு ஓரமாக நின்றார். காய்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன்; முற்றி நார் ஓடியிருந்தது. முகமன் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டேன்.

"மொதல்ல அந்தப் போட்டோவ எடுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்தப் போட்டோ என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் போட்ட படம் எப்படியோ கைமாறிக் கைமாறி மஸ்கட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. கணவர் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டிருக்கிறார்.

"அத்தான் மேல தப்பில்ல மேடம்" என்றார் முப்பிடாதி. "எங்க வீட்டுக்காரருக்கு நான் தோட்டம் பாக்கேன்னா பிடிக்காது. பொம்பளைக்கு என்ன தெரியும்பாரு. அதனால நாலு வருசமா, நான் என்ன செய்யணும்னு நெனைக்கனோ அத அத்தான்கிட்டச் சொல்லிருவேன். வெள்ளிக்கெழம அவரு போன் பேசும்போது, 'வெண்டை வைக்கலாம்னு நெனைக்கேன் தம்பி'ன்னு அத்தான் சொல்லுவாங்க. அண்ணன் சொன்னா எங்க வீட்டுக்காரர் சரின்னுருவாரு. நல்லாத்தான் போய்ட்டிருந்து."

கையில் இருந்த வெண்டைக்காயைத் திரும்பச் சாக்கில் போட்டேன்.

"இப்பம் அத்தான் ஊருக்கு முன்னால வெட்டிப்பய, தம்பிக்கு முன்னால பொய்க்காரரு. அவரு பூட்டாம என்ன செய்வாரு?"

அவர்கள் இருவருக்கும் இடையில் ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. எந்தப் பயிற்சியும் இல்லாமல் முப்பிடாதி தானே கட்டி, நாலு வருடம் உடையாமல் ஓட்டிய ஏற்பாடு. நான் தரையில் விரித்த தாளில் ஆணுக்கு ஒரு கட்டமும் பெண்ணுக்கு ஒரு கட்டமும்தான் இருந்தன. இப்படி ஒன்றை வைக்க அதில் இடமே இல்லை. முதலில் அவர் வைத்த இடம் பொய் என்று நான்தான் முடிவு செய்தேன்.

படத்தை உடனே எடுக்கச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன?

"ஒங்க ஜீப்பு கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுப் பக்கம் வரக் கூடாது. அடுத்த கூட்டத்த எங்க அத்தான் தோட்டத்துல வைங்க. பூச்சி மருந்து பத்தியோ என்னமோ ஒண்ணு. லெட்டர் குடுத்து முறையாக் கூப்பிடுங்க. அவங்களுக்கு ஒரு சால்வ போத்துங்க. போட்டோ எடுத்து, அந்த எடத்துல இதப் போடுங்க. அதுவும் மஸ்கட்டுக்குப் போவும்."

"தண்ணீரைப் பூட்டி வைத்தவருக்குச் சால்வையா?" என்று கேட்டுவிட்டேன்.

முப்பிடாதி என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "சாவி யாருகிட்ட இருக்கோ அவங்களுக்குத்தான சால்வ போத்தணும்?"

சாக்கு ஏலத்துக்குப் போயிற்று. அவரும் அதன் பின்னாலேயே போய்விட்டார்.

நீங்கள் இங்கே கொஞ்சம் நிதானித்து யோசித்துப் பாருங்கள். நான் அந்த இடத்தில்தான் இரண்டாவது தவறைச் செய்தேன். முதல் தவறு அவசரத்தில் நடந்தது. இது யோசித்துச் செய்தது. அவர் கேட்டது என் கொள்கைக்கு முற்றிலும் எதிராக இருந்தது. ஒரு பெண்ணின் உழைப்பை மறைத்து, ஓர் ஆணுக்கு மேடை போட்டு, அதைப் படமும் எடுத்து எங்கள் பக்கத்தில் போட வேண்டும். இதைச் செய்தால் அலுவலகத்தில் என்ன பதில் சொல்வேன்? மேலாளருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு நாள் போயிற்று. இது நம் கொள்கைக்கு உகந்ததாகத் தெரியவில்லை, மாற்று வழிகளைப் பரிசீலிக்கவும் என்று பதில் வந்தது. மாற்று வழிகளைப் பரிசீலித்து இன்னொன்று எழுதினேன். இன்னொரு நாள் போயிற்று.

கடைசி வரிசைக்காரர் தினமும் போனில் கூப்பிட்டார். குற்றம் சொல்லவில்லை. "இன்னைக்கு மேல்பாத்தி வாடிட்டு மேடம்" என்பார். மறுநாள், "பூ பூராவும் கீழ கெடக்கு" என்பார். மூன்றாம் நாள் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. தோட்டத்துக்குள் நின்றுதான் பேசியிருக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் கொள்கை கெடாமல் இருப்பதற்கான செலவை வேறொருவர் தோட்டம் செலுத்திக்கொண்டிருக்கிறது. அனுமதிக்குக் காத்திருக்காமல் கூட்டத்துக்குத் தேதி வைத்தேன். அழைப்புக் கடிதத்தைக் கடைசி வரிசைக்காரரே குத்தாலிங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். என்ன சொல்லிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

கூட்டம் நடந்தது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் பற்றி நான் பேசினேன். வெகு நாளைக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசினேன். முப்பிடாதி பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார், என்னைத் தெரிந்தவர் போலவே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டு நானே சால்வை போர்த்தினேன். எங்கள் ஆள் படம் எடுத்தார், அது பழைய படத்தின் இடத்துக்குப் போயிற்று.

மைக்கில் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். குத்தாலிங்கம் தொண்டையைச் செருமினார். "எங்க குடும்பத்துல வெவசாயம் ஒண்ணாப் பாக்கோம். நானும் தம்பி பொஞ்சாதியும் கலந்துதான் செய்வோம்" என்றார். அவ்வளவுதான். சிரித்த பெரியவர் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். என்னைக் கேட்டால் முன்பு சமுதாயக் கூடத்திலும் அன்று அந்தத் தோட்டத்திலும் பேசப்பட்டவற்றில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆட்கள் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். சால்வையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"மேடம், அன்னைக்கு ஒங்க கூட்டத்துல எல்லாவனும் என்னயப் பாத்துச் சிரிச்சான். நீங்களும் சிரிச்சிய."

"நான் சிரித்தேனா?"

"சிரிச்சிய" என்றார். "நான் பாத்தேன்."

நான் மறுக்கவில்லை. சிரித்திருப்பேன். "தப்புதான் அண்ணாச்சி" என்றேன். அதுவரை அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அன்று மாலையே மோட்டார் ஓடியது.

வெண்டை பாதி போயிருந்தது. மீதியும் பழையபடி காய்க்கவில்லை. அலுவலகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதினேன், கோப்பில் இருக்கும். அதே ஆண்டு ஆண்டறிக்கை அட்டைக்கு அந்தப் பழைய படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பேஸ்புக் பக்கத்திலிருந்து நீக்கிய படம் எங்கள் கணினியில் இருந்திருக்கிறது. மிக நன்றாக வந்திருக்கிறதே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னால் அவர்கள் முன்னால் நான் சின்னவளாகிவிடுவேன். சொன்னேன். சின்னவளானேன். அட்டையில் சூரியகாந்தி வயல் வந்தது.

அடுத்த பணியாளர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிட்டு, என் மதிப்பீட்டுத் தாளைக் காட்டினேன். 'விழிப்புணர்வு போதாது' என்ற வரியை அவர் எதிரிலேயே அடித்தேன். இனி களத்தில் எந்தப் பயிற்சியும் அந்தப் பகுதிக்காரர் நிறுத்தச் சொன்னால் நிற்கும், காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விதி வைத்தோம். நீங்கள் இப்போது அலுத்துக்கொள்ளும் அந்த விதி அப்படி வந்ததுதான். யார் அலுத்துக்கொள்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து அவரிடம், அன்றைக்கு என்னைப் பிடித்து இழுத்தாவது நிறுத்தியிருக்கலாமே என்றேன். "நீங்க கையக் காட்டுனிய மேடம். எனக்கும் வேல வேணும்லா" என்றார். அதிலிருந்து நான் யாரையும் கையைக் காட்டி அடக்கியதில்லை என்று சொல்ல மாட்டேன். அடக்கும்போது எனக்கே தெரிகிற அளவுக்கு மாறினேன்.

முப்பிடாதிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கணவர் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார். ஆனால் அண்ணன் வழியாக அல்ல, நேராகவே. சந்தையில் ஒருமுறை பார்த்தபோது கேட்டேன், இது நல்லதுதானே என்று. "நல்லதா? இப்பம் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வீடியோ கால்ல தோட்டத்தப் பூராவும் சுத்திக் காட்டணும். அந்தச் செடி ஏன் சாஞ்சிருக்கு, இந்தப் பாத்தியில ஏன் களை நிக்கி. முன்னால அத்தான் ஒரு வார்த்தையில முடிச்சிருவாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவரிடம் கசப்பில்லை. சுமையைத் தோள் மாற்றி வைப்பது போலச் சொன்னார். நான் அவர் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்வதும் மிகை, திருத்தினேன் என்று சொல்வதும் மிகை. அவர் கட்டியிருந்த ஒன்றைக் கேட்காமல் உடைத்தேன். அவர் வேறொன்று கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கான வேலை முழுவதும் அவருடையது.

அதற்குப் பிறகு எங்கள் நிகழ்ச்சி எதற்கும் அவர் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு அந்தப் பகுதியில் விவசாயிகள் சேர்ந்து ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினார்கள். உறுப்பினர் சேர்க்கை கீழப்பாவூரில் ஒரு மண்டபத்தில். மேற்பார்வைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். வரிசையில் குத்தாலிங்கம் நின்றார். அவருக்குப் பின்னால் முப்பிடாதி. அவருக்குப் பின்னால், நான் அதுவரை நேரில் பார்த்திராத ஒருவர், மினுமினுக்கும் கைக்கடிகாரத்தோடு. மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாகவே வந்துவிட்டார் என்று பக்கத்தில் சொன்னார்கள்.

குத்தாலிங்கத்துக்குப் பதிந்து முடிந்தது. எழுதுகிறவர் தலை நிமிராமல் அடுத்த படிவத்தை எடுத்தார். ஒரு நிலத்துக்கு ஒரு விவசாயி பெயர்தான் எழுத முடியும். "தம்பி தோட்டத்துக்கு விவசாயி பேரு?" என்று கேட்டார்.

கணவர் ஓர் அடி முன்னால் வந்தார். முப்பிடாதி நகரவில்லை. என் நாற்காலி மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வாயைத் திறந்தால் சொல்வதற்கு என்னிடம் பத்து வாக்கியம் இருந்தது, எல்லாம் சரியான வாக்கியங்கள். எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சில நொடிகள் அளவுக்கு என் பணிக்காலத்தில் நான் எதற்கும் சிரமப்பட்டதில்லை.

குத்தாலிங்கம் போகாமல் அங்கேயேதான் நின்றார். "முப்பிடாதின்னு எழுதுங்க" என்றார். "இவன் இப்பந்தான வந்திருக்கான். கெணத்துல தண்ணி எந்தப் பக்கமா ஊறுதுன்னு இன்னும் இவனுக்குத் தெரியாது."

தம்பி அண்ணனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வரிசையில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. கணவர், "ஆதார் கொண்டாந்திருக்கியாட்டி?" என்று கேட்டார்.

முப்பிடாதி இடுப்புப் பையிலிருந்து எடுத்து நேராக எழுதுகிறவரிடம் நீட்டினார். அவர் வெளியூர்க்காரர், அந்தப் பெயர் பழக்கமில்லை. 'முப்புடாதி' என்று எழுதினார். நான் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே முப்பிடாதி விரலை வைத்துக் காட்டித் திருத்தச் சொல்லிவிட்டார்.